மாநகராட்சி வேலை, கான்ட்ராக்டர் சம்பளம்: குறைந்தபட்ச ஊதியத்துக்கு யார் பொறுப்பு?

2025 ஆகஸ்ட் மாதம் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் போராடியது ஞாபகம் இருக்கும். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலை தனியார் நிறுவனத்துக்குப் போனதுதான் பிரச்சினை. பணி நிரந்தரம் கேட்டார்கள். கூடவே, மாதம் சுமார் 23,000 ரூபாயாக இருந்த சம்பளம் 17,000 ரூபாய் அளவுக்கு இறங்கிவிடும் என்ற பயமும் இருந்தது. தனியாருக்குக் கொடுக்கும் தீர்மானத்தை ரத்து செய்ய சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. ஆனால், கடைசியாக வாங்கிய சம்பளம் குறையக் கூடாது என்று சொன்னது.

தெரு மாநகராட்சியுடையது, குப்பை வண்டியும் அதற்காகத்தான் ஓடுகிறது. ஆனால், சம்பளம் குறைந்தால் மட்டும் 'கான்ட்ராக்டரைக் கேளுங்க' என்று கைகாட்டுகிறார்கள். சட்டப்படி இது சரியா?

சட்டம் என்ன சொல்லுது?

1970-ம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இதற்குப் பதில் இருந்தது. சம்பளம் கொடுக்க வேண்டியது ஒப்பந்ததாரர். அவர் கொடுக்காவிட்டாலோ குறைத்துக் கொடுத்தாலோ, வேலையை ஒப்படைத்த முதன்மை வேலையளிப்பவர், அதாவது இங்கே மாநகராட்சி, பாக்கியைக் கொடுத்துவிட்டு ஒப்பந்ததாரரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இந்தப் பொறுப்பு தொடர்கிறது.

ஒரு மாற்றம் கவனிக்க வேண்டியது. முன்பு 20 பேர் இருந்தாலே ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் பொருந்தும். இப்போது அந்த வரம்பு 50. சின்ன சின்ன ஒப்பந்தங்களாகப் பிரித்தால் இந்தப் பாதுகாப்பிலிருந்து பலர் நழுவ வாய்ப்பு உண்டு. ஆனால், குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஆள் எண்ணிக்கை வரம்பே கிடையாது. ஒரே ஒருவர் வேலை பார்த்தாலும் கொடுத்தாக வேண்டும்.

உச்ச நீதிமன்றம் இதை இன்னும் கறாராகச் சொன்னது 1982-ல். டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமான வேலையில் ஒரு நாள் கூலி 9.25 ரூபாய். இடையில் இருந்த ஆள்பிடிப்பவர்கள் தலைக்கு ஒரு ரூபாய் கமிஷன் எடுத்ததால் தொழிலாளி கைக்கு வந்தது 8.25. குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23-வது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்றது நீதிமன்றம். ஒப்பந்ததாரரின் ஆட்கள் என்று அரசு ஒதுங்கிக்கொள்ளவும் முடியவில்லை.

பணம் எங்கே காணாமல் போகிறது?

ஒரு கணக்குக்காக, தினக்கூலி 500 ரூபாய், 26 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 13,000. தொழிலாளி பங்காக பி.எஃப். 12 சதவீதம் 1,560 ரூபாய், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் சுமார் 98 ரூபாய். கைக்கு 11,342 வர வேண்டும்.

முதலாளி பங்கு தனி. பி.எஃப். 12 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம். அதையும் தொழிலாளி சம்பளத்திலேயே கழித்தால் இன்னும் 1,980 ரூபாய்க்கு மேல் போய்விடும். இது சட்டவிரோதம். சம்பளச் சீட்டு இல்லாவிட்டால் கண்டுபிடிக்கவே முடியாது.

இதன் வேர் டெண்டரில் இருக்கிறது. குப்பை அள்ளுவதில் பெரிய செலவே ஆள் கூலிதான். குறைந்த விலை சொன்னவருக்கே வேலை என்றால், அவர் கைவைக்கும் முதல் இடமும் அதுதான். கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஆகியவற்றை மாறாத தொகையாக டெண்டரிலேயே எழுதிவிட்டு, மற்ற செலவிலும் சேவைக் கட்டணத்திலும் மட்டும் போட்டி வைத்தால் இந்த வழி அடைபடும்.

தொழிலாளி என்ன செய்யலாம்?

ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, குறைவாகக் கிடைத்த சம்பளத்துக்கு 3 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். 1948-ம் ஆண்டு சட்டத்தில் இது 6 மாதம்தான். பாக்கியோடு, அதைப்போல 10 மடங்கு வரை இழப்பீடும் கிடைக்கலாம். தொழிற்சங்கம் மூலமும் மனு போடலாம். வங்கிக் கணக்கு விவரம், வருகைப் பதிவின் போட்டோ, அடையாள அட்டை எல்லாம் கைவசம் இருந்தால் வழக்கு நிற்கும்.

நம் பகுதி வேலை தனியாருக்குப் போகிறது, 'செலவு மிச்சம்' என்று அடுத்த முறை செய்தி வந்தால், ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: மிச்சமானது யார் சம்பளம்?