கொடையாளர் பட்டியலும் பழைய அட்மிஷன் பட்டியலும்

முனைவர் பட்ட ஆய்வில் சேர்வதற்கு முன் இரண்டரை ஆண்டுகள் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தின் நன்கொடைப் பிரிவில் வேலை பார்த்தேன். மருத்துவம், பொதுச் சுகாதாரம் சார்ந்த திட்டங்களுக்குப் பெருந்தொகை திரட்டுவது என் பொறுப்பு. 'மேஜர் கிஃப்ட்ஸ்' என்பார்கள். ஆயிரம், பத்தாயிரம் கொடுப்பவர்களை வேறு ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். கோடியில் கொடுக்கக்கூடியவர்களின் வீட்டுக்குப் போய், காபி குடித்து, அவர்கள் யாரை எந்த நோய்க்குப் பறிகொடுத்தார்கள் என்று தெரிந்துகொண்டு, அதற்குப் பொருத்தமான திட்டத்தை எடுத்து வைக்க வேண்டும். அம்மாவுக்கு இதை விளக்கியபோது, "பணக்காரங்ககிட்ட போய் கை நீட்டுற வேலையா? அதுக்கா எம்.ஏ. படிச்ச?" என்று கேட்டார்.

முதல் சில மாதங்கள் என்னை வெளியே அனுப்பவில்லை. பட்டியல் தயாரிக்கச் சொன்னார்கள். யாருக்கு எவ்வளவு சொத்து என்பது அந்தப் பட்டியலில் சின்ன விஷயம்தான். யார் யாருக்குச் சம்பந்தி, யார் எந்த சபாவின் கமிட்டியில் இருக்கிறார், யார் யாரோடு ஒரே பள்ளியில் படித்தார், எந்த கிளப்பில் டென்னிஸ் ஆடுகிறார் என்பவைதான் பெரிய விஷயம். சாதி என்று ஒரு கட்டம் அந்த எக்செல் தாளில் கிடையாது. தேவைப்படவும் இல்லை. மற்ற கட்டங்களை நிரப்பி முடித்தால் அது தானாக நிரம்பிவிடும்.

பிறகு வீடுகளுக்குப் போனேன். மயிலாப்பூரில் ஊஞ்சல் போட்ட கூடம், தி.நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் அமைதியான ஒரு தெரு, அடையாறு காந்தி நகர். எங்கே போனாலும் அதே மூன்று கேள்விகள், அதே வரிசையில்.

"நீங்க பூர்வீகம் எந்தப் பக்கம்?"

"செய்யாறு பக்கம் சார்."

"அப்பா என்ன பண்றார்?"

"நகராட்சியில வேலை சார்."

"நகராட்சியில என்னவா?"

மூன்றாவது கேள்விக்கு நான் உண்மையைத்தான் சொன்னேன். துப்புரவுப் பணி. யாரும் முகம் சுளிக்கவில்லை, இன்னொரு காபி வேண்டுமா என்றுகூடக் கேட்டார்கள். ஆனால் அடுத்த சந்திப்புக்கு என் மேலதிகாரியே கிளம்பினார். "அவங்களுக்கு உங்ககூட கனெக்ட் ஆகல. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். கோடி ரூபாய் கேட்பதற்குத் திறமை மட்டும் போதாது, கேட்கிறவனும் கொடுக்கிறவனும் ஒரே கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டிருக்க வேண்டும் என்பது அன்றைக்குப் புரிந்தது.

என் மனவருத்தத்தை இதோடு விடுகிறேன். அந்தப் பட்டியல் ஏன் அப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியமான கேள்வி.

பொதுவெளியில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் அடையாறுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஐஐடி மெட்ராஸ் 2023-24 நிதியாண்டில் முன்னாள் மாணவர்களிடமும் நிறுவனங்களிடமும் திரட்டிய தொகை 513 கோடி ரூபாய். 2024 ஆகஸ்டில் ஒரே முன்னாள் மாணவர், கிருஷ்ணா சிவுகுலா, 228 கோடி கொடுத்தார். அவர் 1970இல் அங்கே எம்.டெக். முடித்தவர். அங்குள்ள மூளை ஆய்வு மையம், இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரும் அந்த ஐஐடியின் முன்னாள் மாணவருமான கிரிஸ் கோபாலகிருஷ்ணனின் கொடையில் எழுந்தது. அவருடைய மனைவி சுதா கோபாலகிருஷ்ணனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கருவிலிருக்கும் குழந்தையின் மூளையை முப்பரிமாணப் படங்களாக்கி 2024 டிசம்பரில் உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டார்கள். நல்ல அறிவியல். அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் ஆண்டுகளைக் கவனியுங்கள். ஐஐடி மெட்ராஸ் தொடங்கியது 1959இல். ஐஐடிகளில் பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு இடஒதுக்கீடு வந்தது 1973இல். பிற்படுத்தப்பட்டோருக்கு 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு அறுபது எழுபது வயதில் கோடிகளில் கொடுக்கும் நிலையில் இருப்பவர்கள் எந்தக் காலத்தில் உள்ளே போனவர்கள்? இன்றைய கொடையாளர் பட்டியல் என்பது எழுபதுகளின் அட்மிஷன் பட்டியல்தான், வட்டியோடு திரும்பி வருகிறது. அந்தப் படிப்புக்கான செலவில் பெரும்பகுதியைக் கட்டியது அரசு, அதாவது உள்ளேயே போக முடியாதவர்களும் சேர்ந்து கட்டிய வரி. ஐஐடி மெட்ராஸை வைத்தே அஜந்தா சுப்ரமணியன் எழுதிய 'த காஸ்ட் ஆஃப் மெரிட்' (2019), சாதி எப்படித் 'தகுதி' என்று பெயர் மாற்றிக்கொள்கிறது என்பதைக் காட்டியது. அந்தத் தகுதி வயதான பிறகு 'கொடை' என்று மூன்றாவது பெயர் எடுக்கிறது என்று நான் சேர்த்துக்கொள்வேன்.

சரி, யார் கொடுத்தால் என்ன, மருத்துவ ஆராய்ச்சிக்குத்தானே போகிறது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு கோப்பு என் மேஜைக்கு வரும் வரை.

எங்கள் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் எழுதிய திட்டம் அது. துப்புரவுத் தொழிலாளர்களின் நுரையீரலையும் தோலையும் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும். கட்டடம் கிடையாது, விலை உயர்ந்த எந்திரம் கிடையாது. நான்கு செவிலியர், ஒரு வேன், ஒரு ஆய்வகம். கேட்ட தொகை மற்றவற்றோடு ஒப்பிட்டால் சில்லறை. ஓர் ஆண்டுக்கு மேல் சுமந்து திரிந்தேன். ஒருவர் "இது கார்ப்பரேஷன் செய்ய வேண்டியதாச்சே" என்றார். இன்னொருவர் பெயர்ப்பலகை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார். வேனில் வைக்கலாம் என்றேன், சிரித்தார். அதே காலத்தில் இதய சிகிச்சைப் பயிற்சிக்கூடம் ஒன்றுக்கு மூன்றே வாரத்தில் ஆள் கிடைத்தார். அவருடைய அண்ணன் மாரடைப்பில் போனவர்.

இதில் தனிமனிதக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மனிதர்கள் தங்கள் வீட்டில் நடந்த சாவுக்குத்தான் பணம் கொடுக்கிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழக மருத்துவமனைகள் இதற்கு 'நன்றியுள்ள நோயாளி' என்று பெயர் வைத்துத் தனிப் பிரிவே நடத்துகின்றன. ஆனால் மலக்குழிக்குள் விழுந்து செத்தவரின் அண்ணனிடம் கோடி ரூபாய் இல்லை. அவர் வீட்டுக்கு வரும் பெருந்தொகை, செத்த பிறகு வரும் இழப்பீடுதான்: 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்ன 10 லட்சம், 2023இல் அதையே உயர்த்திய 30 லட்சம். உயிரோடு இருப்பவரின் இருமலுக்கு யார் கணக்கு வைப்பது? தேனாம்பேட்டை, அடையாறு மண்டலங்களில் குப்பை அள்ளுவது தனியார் ஒப்பந்தத்தில் இருக்கிறது. நான் காபி குடித்த வீடுகளின் வாசலில் காலையில் நின்றவர்கள் அந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள்தான்.

வீட்டுச் சாவிலிருந்து தொடங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அப்படித் தொடங்கியதுதான். தேவதாசி மரபில் பிறந்த தாயின் மகளான முத்துலட்சுமி ரெட்டி, சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். ஊர் ஊராகப் பணம் கேட்டார். 1954இல் 12 படுக்கைகளோடு திறந்தது. ஆனால் பணம் கொடுத்தவருக்குத்தான் வைத்தியம் என்று அது நிற்கவில்லை, ஏழைகளுக்குக் கட்டணமில்லாமல் பார்த்தது. நம் காலத்திலும் உதாரணம் உண்டு. 2024 பிப்ரவரியில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியிலுள்ள ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரிக்கு ரூத் காட்ஸ்மன் நூறு கோடி டாலர் கொடுத்தார். மாணவர்களுக்குக் கல்விக் கட்டணமே இல்லாமல் ஆக்கினார். கல்லூரிக்குத் தன் பெயரை வைக்க வேண்டாம் என்றும் சொன்னார். எந்த நோயை ஆராய்வது என்பதில் அவர் கைவைக்கவில்லை. யார் டாக்டராகலாம் என்ற கதவைத் திறந்துவிட்டார்.

'அவரவர் பணம், அவரவர் விருப்பம்' என்ற பதிலும் முழு உண்மை இல்லை. பழைய வரி முறையில் நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டு. அரசு விட்டுக்கொடுக்கும் அந்த வரியில் என் அப்பா தீப்பெட்டி வாங்கும்போது கட்டுகிற வரியைப் போலவே பொதுப்பணத்தின் குணம் இருக்கிறது. நிறுவனங்களின் சிஎஸ்ஆர் தொகையும் கருணை இல்லை. சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும் என்பது 2014 முதல் அமலில் உள்ள சட்டக் கடமை.

ஆகவே அரசுப் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகங்கள் பெருங்கொடை ஒப்பந்தங்களை முழுமையாக வெளியிட வேண்டும். கொடையாளர் போட்ட நிபந்தனை என்ன என்பது மாணவருக்குத் தெரிய வேண்டும். குறிப்பிட்ட நோய்க்கு என்று வரும் ஒவ்வொரு தொகையிலும் ஒரு பங்கு பொது நிதிக்குப் போக வேண்டும்; அதை எதற்குச் செலவழிப்பது என்று முடிவெடுக்கும் குழுவில் தொழிற்சங்கத்துக்காரர்களும் ஒடுக்கப்பட்ட சமூக ஆய்வாளர்களும் உட்கார வேண்டும். கொடையில் உருவாகும் பேராசிரியர் பணியிடத்துக்கும் இடஒதுக்கீடு பொருந்த வேண்டும். இதைக் கேட்டால் கொடையாளர்கள் ஓடிவிடுவார்கள் என்று என் பழைய அலுவலகத்தில் சொல்வார்கள். சிலர் ஓடுவார்கள்தான்.

வேலையை விட்ட அன்று அந்தக் கோப்பின் நகலைப் பேராசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் அதை வாசித்துக் காட்டினேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "ஊதச் சொல்லி மெஷின்ல பாப்பாங்களே, அதுவும் இருக்கா இதுல?" என்றார். இருக்கிறது என்றேன்.