விட்னி மலையும் வீராதி வீரர்களும்

மக்களே, கலிபோர்னியாவுல பொட்டி தட்டுற நம்மாளுங்களுக்கு ஒரு வியாதி இருக்கு. "விட்னியை ஒரே நாள்ல முடிச்சிட்டோம்"னு மார்தட்டுறது. முடிக்கறதுக்கு அது என்ன ப்ராஜெக்டா?

விட்னி 14,505 அடி. அலாஸ்காவை விட்டுட்டுப் பார்த்தா அமெரிக்காவுலயே உசரமான சிகரம். போக வர 22 மைல், ஏத்தம் மட்டும் 6,000 அடிக்கு மேல. கோடையில கயிறு கியிறு எதுவும் வேணாம், நடந்தே ஏறிடலாம். வினையே அதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சான் ஹோசேயில கெளம்பி, ஆறேழு மணி நேரம் வண்டி ஓட்டி, அரைகுறைத் தூக்கத்தோட ராத்திரி 2 மணிக்கு நெத்தியில டார்ச்சை மாட்டிக்கிட்டு நடக்க ஆரம்பிச்சிடுறாங்க. உச்சியில ஒரு மூச்சுக்குக் கிடைக்கற ஆக்சிஜன் கடல் மட்டத்துல கிடைக்கறதுல சுமார் 60 சதவீதம்தான். ஜிம் உடம்புன்னு மலை சலுகை காட்டாது சாமி. 1873-ல இந்த உச்சிக்கு முதல்ல ஏறினதாப் பதிவானவங்களே, மீன் பிடிக்கப் போன மூணு லோன் பைன் ஊர்க்காரங்கதான்!

போன வருஷம் எங்க குழுவுல ஒரு தம்பி. 12,000 அடியில ட்ரெயில் கேம்ப்ல தலைவலி, ரெண்டு தடவை வாந்தி. தலைவர் என்ன சொன்னார்? "இன்னும் 99 வளைவுதான்டா, மாத்திரையைப் போட்டுட்டு வா." மாத்திரை வலியை மறைச்சிடும். மூளையிலயோ நுரையீரல்லயோ நீர் கோக்க ஆரம்பிச்சிருந்தா, அது பாட்டுக்கு உள்ள நடந்துக்கிட்டிருக்கும். அதுக்கு மொத வைத்தியமே கீழ இறங்கறதுதான். நான் தம்பியைக் கூட்டிக்கிட்டு இறங்கிட்டேன். பத்தாயிரத்துச் சொச்சம் அடிக்கு வந்ததும், "அண்ணே, பசிக்குது"ன்னான்.

திங்கக்கிழமை ஆபீஸ் காபி மெஷின் பக்கத்துல தலைவர் அவனைப் பார்த்து, "உன்னால ஒரு பர்மிட் வீணாப்போச்சு"ன்னாரு. நாளைக்கு 100 பேருக்குத்தான் ஒரு நாள் பர்மிட், அதுவும் லாட்டரியில. இருக்கட்டுமே. சீட்டு விழுந்துச்சுங்கறதுக்காக ஒருத்தன் உசுரைப் பணயம் வைக்கணுமா? ஆடிட்டர் மாதிரி கணக்குப் பார்க்கறவருக்கு, வாந்தியெடுத்தவனைத் தனியா இறங்கச் சொன்ன கணக்கு மட்டும் உறைக்கல.

ரெண்டு நாள் முன்னாடியே போய், பக்கத்துல ஹார்ஸ்ஷூ மெடோஸ்ல சுமார் 10,000 அடியில கூடாரம் போட்டுத் தங்கினா உடம்பு கொஞ்சம் பழகும். லீவு போகுமேன்னு அழுவாங்க. ரிலீஸ் தேதியைத் தள்ளிப்போட மட்டும் ஆயிரம் காரணம் கிடைக்கும்!

அடுத்த லாட்டரிக்கும் போடறேன். கூட வர்றவங்களுக்கு மூணு நிபந்தனை. ரெண்டு நாள் லீவு. மதியம் 1 மணிக்கு எங்க நின்னாலும் திரும்பணும். ஒருத்தருக்கு முடியலைன்னா, கூட இன்னொருத்தரும் இறங்கணும். அந்த இன்னொருத்தர் யாருன்னு கார்ல ஏறுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுவோம்.