மயக்க ஊசி மேல பழியைப் போடாதீங்க மக்கா

எங்க ராயகிரி பக்கம் ஆபரேஷன் முடிஞ்ச ஆளுக்கு ரெண்டாம் நாள் ஒரு பக்கம் கைகால் வராமப் போச்சுன்னா தீர்ப்பு உடனே வந்துரும்: "மயக்க ஊசி கூடிப்போச்சுல்லா!" எனக்கு இதுல உடன்பாடு இல்லை. இப்படிச் சொல்லி முடிச்சுட்டா, கேட்க வேண்டிய கேள்வி விட்டுப்போகுது. அன்னைக்குக் காலையில பிரஷர் மாத்திரை விஷயத்துல யார் முடிவு பண்ணினாங்க?

மயக்க மருந்துல ரத்தக்குழாய் விரியும், பிரஷர் இறங்கும். எதிர்பார்த்ததுதான். மயக்க டாக்டர் பக்கத்துலயே இருந்து கவனிப்பார். ஆனா வருஷக்கணக்கா 170-ல ஓடின உடம்புக்கு, நமக்குச் சாதாரணமான 100 மூளைக்குப் பத்தாமப் போகலாம்.

2008-ல லான்செட்டில் வந்த 'பாய்ஸ்' ஆய்வுல 23 நாடுகள், 8351 நோயாளிகள். இந்தியாவும் உண்டு. இதயத்தைக் காப்பாத்தலாம்னு பாதிப்பேருக்கு ஆபரேஷனுக்குச் சில மணி நேரம் முன்னாடி மெட்டோப்ரொலால் புதுசா ஆரம்பிச்சாங்க. மாரடைப்பு குறைஞ்சது, மருந்து தராதவங்கள்ல 239, தந்தவங்கள்ல 176. ஆனா பக்கவாதம் 19-க்கு 41! சாவு 97-க்கு 129. பிரஷர் ரொம்ப இறங்கினதுக்கு இதுல பெரிய பங்கு இருந்தது. (ரிலீஸ் அன்னைக்குக் காலையில புது கோடு சேர்க்கிறவனை எங்க டீம்ல என்ன சொல்லுவோம்னு இங்க எழுத முடியாது.)

அதுக்காக எல்லாத்துக்கும் லோ பிரஷர்தான் காரணம்னும் அடிச்சு விடக்கூடாது. பிரஷர் இறங்காமப் பிடிச்சு வச்சா நல்லதான்னு 7490 பேர்கிட்ட 'பாய்ஸ்-3' பார்த்துச்சு. 2023-ல முடிவு வெளியாச்சு, பெரிய வித்தியாசம் இல்லை.

நம்ம ஊர்ல சிக்கல் வேற. 2021-ல ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்' புண்ணியத்துல மாத்திரை வீட்டுக்கே வருது. ஆனா "தண்ணி கூடக் குடிக்காதீங்க"ன்னு நர்ஸ் சொன்னதும் பெருசுங்க மாத்திரையையும் நிறுத்திடுதுங்க. தினமும் அட்டெனலால் போடுறவங்க திடீர்னு நிறுத்துறது ஆபத்து. டெல்மிசார்டன், எனாலப்ரில் வகையை அன்னைக்கு வேண்டாம்னு பல மயக்க டாக்டர்கள் சொல்லுவாங்க. ரெண்டையும் நாமளா முடிவு பண்ணக்கூடாது.

ஆபரேஷன் பண்ற டாக்டரோட சொந்த ஊர் வரைக்கும் விசாரிக்கிறோம், மயக்க டாக்டர் முகத்தைக்கூடப் பார்க்கிறதில்லை. முந்தின நாளே அவரைப் பாருங்க. மாத்திரை அட்டையையும் வழக்கமான பிரஷர் அளவையும் காட்டுங்க.

அப்புறம், இந்தப் பக்கவாதம் பெரும்பாலும் தியேட்டர்ல வர்றதில்லை. பிறகு, வார்டுல வச்சுத்தான். பேச்சு குழறுனா, வாய் கோணுனா "மயக்கம் தெளியல"ன்னு உக்காந்திருக்காம நர்ஸைக் கூப்பிடுங்க.