எந்தச் சிவகிரி?

போன மாதம் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி, எட்டாம் வகுப்பு படிக்கிறவள், கட்டுரை நோட்டோடு வந்தாள். ‘எங்கள் ஊர்’ என்று தலைப்பு. “எழுத்துப்பிழை மட்டும் பாத்துக் கொடுங்க பெரியப்பா” என்றாள்.

பிழை ஒன்றுகூட இல்லை. வாக்கியங்கள் வழுவழுவென்று ஓடின. நாலாவது வரியில், சிவகிரியில்தான் ஸ்ரீநாராயண குரு சமாதி அடைந்தார், ஆண்டுதோறும் டிசம்பர் கடைசியில் மஞ்சள் உடை உடுத்தி ஆயிரக்கணக்கானோர் யாத்திரை வருகிறார்கள் என்று இருந்தது. அடுத்த பத்தியில் ஊர் ஈரோடு மாவட்டத்துக்குப் போய்விட்டது. கடைசிப் பத்தியில் ஒருவழியாக மேற்குத் தொடர்ச்சி மலை வந்தது. ஆனால் மாவட்டம் திருநெல்வேலி என்றிருந்தது. 2019 நவம்பர் 22-லிருந்து நாங்கள் தென்காசி மாவட்டம்.

“ஏட்டி, நாராயண குரு சமாதிய நம்ம ஊர்ல நீ எங்க பாத்த?”

“ஏஐ சொல்லிச்சு பெரியப்பா. அது தப்பா சொல்லுமா?”

அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளை கேட்டதில் குற்றமில்லை. பெரியவர்கள் பேசியதைத்தான் அவள் திருப்பிச் சொன்னாள். டீக்கடையிலும், பத்திரம் எழுதுகிற இடத்திலும், எலுமிச்சை மண்டியிலும் இதே பேச்சுத்தான். மனுசன் தப்புவான், மெஷின் தப்பாது. உலகத்தில் உள்ளதெல்லாம் அதற்குள் இருக்கிறது. இந்த நம்பிக்கை பொய். பொய் என்பதோடு, எங்களைப் போன்ற சின்ன ஊர்களுக்கு மற்றவர்களைவிட அதிகக் கேடு செய்யும் பொய்.

சிவகிரி என்ற பேரில் எனக்குத் தெரிந்தே மூன்று இடங்கள் உண்டு. ஒன்று கேரளத்தில் வர்க்கலை பக்கம் உள்ள சிவகிரி. நாராயண குரு 1928-இல் சமாதி அடைந்தது அங்கேதான். இன்னொன்று ஈரோடு மாவட்டத்தில். மூன்றாவது ராஜபாளையத்துக்கும் வாசுதேவநல்லூருக்கும் நடுவே, மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் பழைய ஜமீன் ஊர். வர்க்கலை சிவகிரியைப் பற்றி மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிக் குவித்திருக்கிறார்கள். எங்களைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. இந்தக் கருவியோ, ஏற்கெனவே எழுதப்பட்டதைக் கோடிக்கணக்கில் வாசித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணக்குப் போட்டு எழுதுவது. சிவகிரி என்றதும் எந்தப் பக்கம் எழுத்து கனமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் சாயும். அவள் கட்டுரையில் பாளையக்காரர் பூலித்தேவரும் இல்லை, எங்கள் வட்டத்திலேயே இருக்கிற அவருடைய நெற்கட்டும்செவலும் இல்லை.

தெரியவில்லை என்றால் தெரியாது என்று சொல்லலாமே? சில நேரம் சொல்லும். சொல்லாமல் போவதற்கான காரணத்தை, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஆய்வாளர்களே 2025 செப்டம்பரில் எழுதினார்கள். தப்பான விடைக்கு மார்க் குறைக்காத தேர்வில் கெட்டிக்காரப் பையன் எந்தக் கேள்வியையும் விடமாட்டான், எதையாவது எழுதிவைப்பான். இந்தக் கருவிகளைச் சோதித்து மார்க் போடுவதும் பெரும்பாலும் அந்த முறையில்தான். ‘தெரியாது’ என்பதற்குப் பூஜ்யம், குருட்டாம்போக்கில் அடித்தால் ஒருவேளை ஒரு மார்க். அப்படிப் பழகி வந்தது நம்மிடமும் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

படிக்காதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். நியூயார்க்கில் முப்பது வருடம் வக்கீல் தொழில் பார்த்தவர், சாட்ஜிபிடி கொடுத்த முன்தீர்ப்புகளை நீதிமன்ற மனுவில் சேர்த்தார். அப்படி வழக்குகளே நடந்ததில்லை. 2023 ஜூனில் அவருக்கும் உடனிருந்த வக்கீலுக்கும் அவர்கள் நிறுவனத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம். இந்த வழக்குகள் உண்மைதானா என்று அவர் அந்தக் கருவியிடமே கேட்டிருக்கிறார். உண்மை என்றது, நம்பிவிட்டார். மலைக்கு அந்தப் பக்கம் கேரள உயர்நீதிமன்றம் விழித்துக்கொண்டது. கீழ் நீதிமன்றங்களில் தீர்ப்பை முடிவு செய்ய ஏஐயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2025 ஜூலையில் விதியே வகுத்துவிட்டது.

எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. சொந்தக்காரர் ஒருவர் அடிவாரத்தில் எலுமிச்சை போட்டிருக்கிறார். நாலைந்து மரத்தில் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. மகன் போனில் படம் பிடித்துக் கேட்டான். துத்தநாகச் சத்துக் குறைவு, ஜிங்க் சல்பேட் தெளியுங்கள் என்று அளவோடு பதில் வந்தது. இரண்டு தரம் தெளித்தார்கள். மரம் தேறவில்லை, நுனியிலிருந்து காய ஆரம்பித்தது. கடைசியில் களை வெட்ட வந்த பெரியவர் ஒருவர் இலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மண்வெட்டியால் அடிமண்ணைக் கிளறி, ஒரு வேரை எடுத்து விரலால் உருவினார். தோல் உறைபோலக் கழன்று வந்தது, நாற்றம் அடித்தது. “பக்கத்து வயக்காரன் வரப்ப ஒசத்துனாம்லா, தண்ணி வடிய வழியில்ல. வேரு அழுகுனா எல எப்படிப் பச்சையா இருக்கும்?” என்றார். வடிகால் வெட்டினார்கள்.

போன் சொன்னது அந்த இலைக்குப் பொருத்தமான பதில்தான். அழுகிய வேரால் சத்தை உறிஞ்ச முடியாது, இலையும் அப்படித்தான் வெளுக்கும். ஆனால் உயர்த்திய வரப்பு படத்துக்கு வெளியே இருந்தது. தண்ணீர் நின்றதா என்று அது கேட்கவில்லை. பெரியவர் வரப்பையும் சேர்த்துப் பார்த்தார்.

மனிதர்களும் தப்பாகச் சொல்கிறார்களே என்பார்கள். ஆமாம், சொல்கிறார்கள். ஆனால் நிச்சயமில்லாதபோது மனிதனின் குரல் இறங்கும், தலையைச் சொறிவான், “எனக்குச் சரியாத் தெரியல, அண்ணாச்சிட்ட கேளு” என்பான். அந்தத் தயக்கத்தை வைத்துத்தான் யார் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்று நாம் காலம்காலமாக எடைபோட்டு வருகிறோம். கருவியின் நடையில் அந்தத் தயக்கம் பெரும்பாலும் இல்லை. நெற்கட்டும்செவலைப் பற்றிச் சரியாகச் சொல்லும்போதும் நாராயண குருவை எங்கள் ஊருக்குக் கொண்டுவரும்போதும் ஒரே தமிழ், ஒரே தெளிவு. அந்தத் தெளிவைத்தான் அறிவு என்று எடுத்துக்கொள்கிறோம்.

போகப் போகச் சரியாகிவிடும் என்பது அடுத்த சமாதானம். யார் எழுதிச் சரியாகும்? அந்தக் கட்டுரையைப் பள்ளியில் ஒட்டி, யாராவது படம் பிடித்துப் போட்டால், நாளைக்கு வரப்போகும் கருவி அதையும் வாசிக்கும். தான் எழுதியதையே திரும்பத் திரும்பத் தின்று வளரும் கருவிகள் சீரழிகின்றன, அதிலும் அரிதான செய்திகள்தான் முதலில் அழிகின்றன என்று 2024 ஜூலையில் ‘நேச்சர்’ இதழில் ஆய்வு வந்தது. அப்படி முதலில் அழியப்போகிற அரிதான செய்திதான் நாங்கள்.

நான் மெஷினைக் கண்டு மிரள்கிறவன் இல்லை. எங்கள் மாவட்டத்து மத்தளம்பாறையில் 2011-லிருந்து சோஹோ நிறுவனம் இயங்குகிறது. கிராமத்துப் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து உலகத்துக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. எழுதுகிறவனுக்குக் கருவியின் பலவீனம் தெரியும். கவலையெல்லாம் மற்றவர்களைப் பற்றித்தான். 2025-இல் ஏர்டெல் ஒரு வருடத்துக்குப் பெர்ப்ளெக்சிட்டி என்ற ஏஐயைச் சும்மா கொடுத்தது, ஜியோ 18 மாதத்துக்கு ஜெமினியைக் கொடுத்தது, ஓப்பன்ஏஐயும் ஒரு வருடம் இலவசம் என்றது. ரீசார்ஜோடு வீட்டுக்குள் வந்த பொருள். சோதித்துப் பார்க்க யாரும் சொல்லித்தரவில்லை.

நோட்டைத் திருப்பிக் கொடுத்து, கட்டுரையில் என்ன எழுதியிருக்கிறாய் என்று பார்க்காமல் சொல்லச் சொன்னேன். இரண்டு வரிக்கு மேல் அவளால் முடியவில்லை. அவள் கையெழுத்து, ஆனால் எதுவும் அவள் மண்டை வழியாகப் போகவில்லை. அதுதான் தப்பான தகவலைவிட என்னை வருத்தியது. போனை வைத்துவிட்டு, தெருவில் நாலு வயசானவர்களிடம் கேட்டு எழுதிவா என்று அனுப்பினேன்.

மூன்று நாள் கழித்து வந்தாள். அரைப்பக்கம்தான். எழுத்துப்பிழை ஏழெட்டு இருந்தது. ஓர் இடத்தில் இரண்டு வரியை அடித்து, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தாள்.

“இந்த ஓடைக்கு ஆச்சி ஒரு பேரு சொல்லுதா, தாத்தா ஒரு பேரு சொல்லுதாரு பெரியப்பா. இன்னும் யாருட்ட கேக்கலாம்?”