முதல் களை முடியட்டும்

ஜவ்வாதுமலையில் ஆடி பிறந்துவிட்டால் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களுக்குக் கை ஒழியாது. விதைத்த சாமையோடு களையும் போட்டி போட்டு எழும்பும் காலம் அது. மரக்கன்றுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு நாம் மலையேறுவதும் அதே நாட்களில்தான். நாம் கூப்பிட்டால் அவர்கள் வரத்தான் செய்கிறார்கள். ஆனால் அன்று குழியில் இறங்கும் ஒவ்வொரு கையும் சொந்தக் கொல்லையில் களையை விட்டுவிட்டு வந்த கை.

மரம் நடும் விழாவான வனமகோற்சவத்தை 1950இல் அன்றைய மத்திய உணவு, வேளாண் அமைச்சர் க.மா. முன்ஷி ஜூலை முதல் வாரத்தில் தொடங்கிவைத்தார். தென்மேற்குப் பருவமழை ஒன்றையே நம்பியிருக்கும் வட்டாரங்களுக்கு அந்த நாள் பொருந்தும். நம் கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கோ ஐப்பசி, கார்த்திகை மழையும் உண்டு. களை முடிந்து கதிர் முற்றும்வரை, ஆவணிக் கடைசியிலும் புரட்டாசியிலும், பல ஊர்களில் சற்று ஓய்வு கிடைக்கிறது. அப்போது நட்ட கன்றுக்கு அடுத்து வரும் மழை துணை நிற்கும். குழி வெட்டும் வேலையைக் கோடைமழை மண்ணை இளக்கும் சித்திரை, வைகாசியிலேயே முடித்துவிடலாம். 45 செ.மீ. ஆழமும் அகலமுமாக வெட்டி, மேல்மண்ணைத் தனியே குவித்து வைத்தால் போதும்.

தள்ளி நடுவதால் நாற்றங்காலில் வேலை கூடும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பைகளை அவ்வப்போது இடம் மாற்றாவிட்டால் ஆணிவேர் பையைத் துளைத்துத் தரைக்குள் இறங்கிவிடும். நடும்போது பையைக் கிழித்துப் பாருங்கள். அடியில் வேர் வளையம் வளையமாகச் சுருண்டிருந்தால், அந்த வளையத்தைக் கத்தியால் சீவிய பிறகே குழியில் வையுங்கள்.

என்ன மரம் என்பதையும் குடும்பங்களே சொல்லட்டும். கடுக்காய், நெல்லி, புளி, நாவல் எல்லாம் அவர்கள் பொறுக்கி விற்றுப் பழகியவை. நாவல் விதை உலர்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும். பழம் உதிரும் நாட்களிலேயே பெண்களிடம் விலைகொடுத்து வாங்கி விதைக்க வேண்டும். சாமை அறுத்ததும் ஆடுகள் கொல்லைக்குள் இறங்கும். கன்றுகளைக் காக்கும் முள் அடைப்புக்கான கூலியை நடவுச் செலவிலேயே சேர்த்துவிடுங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் தீர்க்க வேண்டியது, காய்க்கும் மரம் யாருக்கு என்ற கேள்வி. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இக்குடும்பங்களுக்குச் சிறுவனப் பொருள்களின் மீது உரிமை தருகிறது. அவர்கள் வழிவழியாகக் காத்துவரும் சமூகக் காட்டை மீட்டு வளர்க்கும் உரிமையையும் பிரிவு 3(1)(i) தருகிறது. அந்த உரிமையைக் கிராமசபையில் பேசி, தீர்மானமாக எழுதிய பிறகு குழி வெட்டுவோம். தன் பிள்ளைக்குக் கிடைக்கும் என்று தெரிந்த மரத்துக்குத்தான் ஒருவர் கோடையில் குடம் சுமப்பார்.

வரும் ஆண்டின் திட்டத்தில் நடவு நாளுக்கான கட்டத்தை இப்போதைக்குக் காலியாக விடுங்கள். ஊருக்குப் போய், திண்ணையில் உட்கார்ந்து, “முதல் களை எப்போது முடியும்?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் நாளை அந்தக் கட்டத்தில் எழுதுங்கள்.