லோடுமேனும் லினக்ஸும்

ஒரே வேலையைச் செய்யும் நாலு கோடை ஒண்ணாக்குறேன்னு ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க. "ஓடிட்டுத்தானே இருக்கு, எதுக்கு நோண்டற?" என்பார்கள். என் கட்சி வேற. புது ஃபீச்சர் எழுதுறதைவிட இதுதான் முக்கியமான வேலை. லினக்ஸ் கெர்னல்ல இருந்தே ஒரு உதாரணம் சொல்றேன்.

புதுவயல்காரனுக்கு அரிசி ஆலையை வச்சுத்தான் விளக்க வரும். குடோன்ல மூட்டைகளை நாலு நாலா வரிசை போட்டு அடுக்கியிருக்கு. லோடுமேன் ஒரு தடவைக்கு ஒரு வரிசையைத் தூக்குவார். நமக்கு வேணுங்கிற நாலு மூட்டை, ரெண்டு இந்த வரிசையிலும் ரெண்டு அடுத்த வரிசையிலும் இருந்தா?

எக்ஸ்86 லோடுமேன் முணுமுணுக்காம ரெண்டு நடை போய்க் கொண்டு வந்துடுவார். ஸ்பார்க், முடியாதுன்னு வேலையை நிறுத்திடுவார். பழைய ஏஆர்எம்தான் ஆபத்து: ஒரே வரிசையைத் தூக்கி, இடம் மாத்திக் கையில் கொடுத்துட்டுப் போயிடுவார். தப்புன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இது அபூர்வமான விஷயமும் இல்லை. ஈதர்நெட் ஹெட்டர் 14 பைட். 14 நாலால் வகுபடாது. அதனால் பாக்கெட்டை மெமரியில் அப்படியே வச்சா, பின்னால் வர்ற ஐபி ஹெட்டர் வரிசை தப்பித்தான் உட்காரும்.

இதுக்காக கெர்னல்ல ஒவ்வொரு பிராசஸருக்கும் தனி ஹெட்டர் ஃபைல் இருந்தது. முக்கியமா ரெண்டு வகை. "நம்ம லோடுமேன் சமாளிச்சுக்குவார்"னு நம்பி நேரடியா எடுக்கிறது ஒண்ணு. "இது எந்த இடத்திலும் இருக்கலாம், பார்த்து எடு"ன்னு கம்பைலர்கிட்டயே சொல்லிடறது இன்னொண்ணு.

2021-ல் ஆர்ண்ட் பெர்க்மன் இதையெல்லாம் ரெண்டாவது வகைக்கே கொண்டுவந்து ஒண்ணாக்கினார். லினக்ஸ் 5.14-ல் அது சேர்ந்தது. காரணம்தான் சுவாரஸ்யம். புது ஏஆர்எம் தனி லோடுகளைச் சமாளிக்கும். ஆனா கம்பைலர் ரெண்டு லோடை ஒரே கட்டளையா சேர்த்துட்டா, அதே பிராசஸர் மக்கர் பண்ணும். "சமாளிச்சுக்குவார்"ங்கிற நம்பிக்கை எந்த பிராசஸர்லயும் முழுசா செல்லாதுன்னு அப்போதான் தெளிவாச்சு.

பொதுவாக்கினா வேகம் போகாதா? போகாது. உண்மையைச் சொல்லிட்டா, எக்ஸ்86-க்கு ஒரே கட்டளை, முடியாதவங்களுக்கு பைட் பைட்டா எடுக்கிறதுன்னு கம்பைலரே முடிவு பண்ணிக்கும்.

எல்லாத்தையும் இப்படி ஒண்ணாக்க முடியாதுதான். பேஜ் டேபிள் மாதிரி நிஜமாவே வித்தியாசமான சமாச்சாரங்கள் தனியாத்தான் இருக்கணும். வித்தியாசமே இல்லாத இடத்தில் எதுக்கு நாலு காப்பி?

இதில் நமக்கென்ன லாபம்னு கேட்டா, ஐஐடி மெட்ராஸின் சக்தி பிராசஸரைச் சொல்வேன். அது ரிஸ்க்-ஃபைவ் வகை. வரிசை தப்பினதை ஹார்டுவேரே சமாளிக்கணும்னு ரிஸ்க்-ஃபைவ்ல கட்டாயம் கிடையாது, சிப்பைச் செய்றவங்க இஷ்டம். ரிஸ்க்-ஃபைவ் லினக்ஸ் 4.15-ல் சேர்ந்தது 2018 ஜனவரியில். சக்தி சிப்பில் லினக்ஸ் ஓடினதும் அதே வருஷம்தான். எக்ஸ்86-ஐ மட்டும் மனசுல வச்சு எழுதின கோடு இந்த மாதிரி புது ஆளுக்குக் கண்ணிவெடி. பொதுவா எழுதினது, கேட்காமலே கிடைச்ச உதவி.

நம்மூர் சிப் வந்தா நியூஸ் ஆகுது, சரி. நாலு ஃபைலை அழிச்சு ஒண்ணாக்கினவரையும் அப்ரைசல்ல கொஞ்சம் கண்டுக்கலாமே. என்ன சொல்றீங்க மக்கா?