பார்க்காமல் போடும் கையெழுத்து

லேத்துப் பட்டறையிலே தொழில் பழகும் பையன் அளவு தவறிக் கடைந்தால், மேஸ்திரி மாத முடிவில் மதிப்பெண் போடலாமென்று காத்திருக்கிறாரா? அங்கேயே, அப்போதே, பிழையைத் தொட்டுக் காட்டுகிறார்! இரும்புக்குள்ள இந்த மரியாதை ஏழையின் உடலுக்கு வேண்டாமா என்று கேட்கிறோம்.

மருத்துவ மாணவர் தேர்விலே, எந்த நோயாளி வாய்த்தார், எந்தத் தேர்வாளர் அமர்ந்தார் என்பதே ஒருகாலத்தில் தலைவிதி! அந்தக் குருட்டு யோகத்தை உடைத்திட, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்டு ஹார்டன் குழுவினர் 1975-இல் புதுமுறை அறிவித்தனர்: பல நிலையங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பணி, எல்லோருக்கும் ஒரே அளவுகோல்.

இந்தியாவில் 2019-இல் திறன்வழிப் பாடத்திட்டம் வந்தது. மாணவர் குறிப்பேட்டில் ஆசிரியர் ஒப்பம் ஒருபுறம். 'குறைநிறை கேட்டறிந்தேன்' என மாணவர் ஒப்பம் மறுபுறம். நல்ல ஏற்பாடு! ஆனால், பார்க்காமல் போடும் கையெழுத்து பாடமாகுமா?

'போதாது' என்ற ஒற்றைச்சொல் எவரையும் திருத்தாது. 'வலிக்கும் இடத்தை முதலில் அழுத்தாதே. நோயாளியின் முகத்தைப் பார்த்தபடி தொடு' — இதுவன்றோ திருத்தம்!

நேரமில்லை என்பர். ஆசிரியர் எண்ணிக்கையைக் கூட்டுக! சொல்லாமல் விட்ட பிழைக்கு விலை கொடுப்பவன், அரசு ஆஸ்பத்திரியில் கிடக்கும் பாட்டாளியே!